திரும்பவும் அதே கதையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ‘சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் பத்து நிமிடமாவது வாய்விட்டுக் கதை படித்துக் காட்டுங்கள்’ என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டும் வந்திருக்கிறது, அதையும் சேர்த்திருக்கிறேன். ஒரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் 27 வருடம் குப்பை கொட்டியவன், ஒரு மகளுக்கும் இப்போது ஒரு பேரனுக்கும் தொண்டை கட்டும்வரை படித்துக் காட்டியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடமே கேளுங்கள்.

என் மகன் புத்தகத்தை எடுத்தாலே ஓடுகிறான். நான் ஒரு வரி படிப்பதற்குள் நாலு பக்கம் புரட்டிவிடுகிறான், இல்லையென்றால் டப்பென்று மூடிவிடுகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்து கேட்கிறது. இவனுக்கு ஏதாவது குறையா ஐயா?
– இரண்டரை வயதுக்காரனின் அம்மா

குறை ஒன்றுமில்லை அம்மா. இரண்டரை வயது, அவ்வளவுதான்.

நூலகத்தில் சனிக்கிழமை காலையில் கதை படிப்பேன். ஒரு பையன் வாரம் தவறாமல் வருவான். வந்ததும் நேராக மேஜைக்கு அடியில் போய்விடுவான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புத்தகம் தள்ளுகிற வண்டியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. அவன் அம்மா சங்கடத்தில் நெளிவார். ஒரு மாதம் கழித்து அவரே சிரித்துக்கொண்டு வந்து சொன்னார்: வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்கிறானாம். எனக்குக் கதைக்கு நடுவே தொண்டையைச் செருமுகிற பழக்கம் உண்டு. சரியாக அந்தந்த இடத்தில் அவனும் செருமுகிறானாம்.

உங்கள் மகன் ஓடினால் ஓடட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் இரண்டு வரி உங்களுக்கே படிப்பதுபோலப் படியுங்கள். வந்தால் வருவான். வராவிட்டால் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடம் என்று நான் எழுதியது இந்த வயதுக்குத் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நிமிடம் வீதம் ஐந்து தடவை என்று எழுதியிருக்க வேண்டும். புரட்டுகிறானா? அவன் நிறுத்துகிற பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். ‘அட, தவளை! எங்கே போகுது?’ போதும். கதையை முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டும் என்பது பெரியவர்கள் பழக்கம். பின்னாலிருந்து முன்னால் வந்தாலும் தவளை தவளைதான்.

ஒன்று மட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதிருக்கிறான், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச இன்னும் வரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதையும் சோதித்துவிடுங்கள். அதற்குப் புத்தகம் மருந்தல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தையை நீங்கள் அரை மணி நேரம்தான் பார்க்கிறீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என் அப்பா ஒரு நாளும் கதை படித்துக் காட்டியதில்லை. நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? எதற்கு இந்தப் புது ஃபேஷன்?
– உங்கள் பகுதியைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர்

நன்றாக இருக்கிறீர்கள், மகிழ்ச்சி. என் அப்பாவும் படித்துக் காட்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்து வீட்டில் குழந்தையின் காதில் யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். வம்பு, கதை, விடுகதை, சண்டை, எல்லாமே மொழிதான். இன்றைக்கு மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. புத்தகத்தை அந்தச் சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குழந்தைக்கு ஐந்து மாதம். இப்போதே படித்துக் காட்டினால் மாமியார் சிரிக்கிறார். உண்மையிலேயே அதற்கு ஏதாவது புரியுமா?
– புதிய அம்மா

கதை புரியாது. உங்கள் குரல் புரியும். 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரம் ஒரே பகுதியைத் தினமும் வாய்விட்டுப் படித்தார்கள். பிறந்த குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, அது சப்புகிற விதத்துக்கு ஏற்ப ஒலிநாடாவில் பழைய பகுதியோ புதிய பகுதியோ கேட்கும்படி செய்தார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள், வயிற்றில் இருக்கும்போது கேட்ட பகுதியை வரவழைக்கிற மாதிரி சப்பின. வேறொரு பெண் படித்தாலும் அப்படித்தான். ஆக, உங்கள் குழந்தை ஐந்து மாதம் தாமதம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2014-இல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே படித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுறுத்துமாறு தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. எதைப் படிப்பது என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் படிக்கிற செய்தித்தாளையே ராகம் போட்டுப் படிக்கலாம். புத்தகம் கொடுத்தால் வாயில் வைக்கும், அதனால் கெட்டி அட்டையில் வருவதாகப் பாருங்கள். மூலையைக் கடித்துக் கூழாக்கினால் அது வாசித்துவிட்டது என்று கணக்கு.

மூன்று வயது மகள் ஒரே புத்தகத்தைத்தான் கேட்கிறாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு புத்தகங்கள் அலமாரியில் தூங்குகின்றன. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருக்கிறது.
– அதே கரடியைத் தினமும் பார்க்கும் அப்பா

தம்பி, உங்கள் கரடி என் வீட்டில் நண்டாக இருந்தது. வளையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ஒரு நண்டு. முப்பத்தெட்டாவது நாளோ என்னவோ, பொறுக்க முடியாமல் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னக் கை ஒன்று வந்து ஒரு பக்கத்தைத் திரும்பப் புரட்டி வைத்தது, அவ்வளவுதான். மறுநாள் நான் அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். புத்தகத்தை பீரோ மேலே ஒளித்துவைத்துவிட்டு, ‘காணோம்மா’ என்றேன். அவள் படுத்துக்கொண்டே, ‘பரவாயில்லப்பா, நீ பாக்காமயே சொல்லு’ என்றாள். பார்க்காமலேயே எனக்கும் முழுசாகத் தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை. இன்றைக்கும் தெரியும்.

நமக்குச் சலிக்கிற காரணமும் அவளுக்குப் பிடிக்கிற காரணமும் ஒன்றேதான்: அடுத்து என்ன வரும் என்று தெரியும். மூன்று வயதில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்த விஷயங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. முதல் வாரம் கதையைப் பிடிப்பாள். அப்புறம் ஒரு சொல்லைப் பிடிப்பாள். அப்புறம் படத்தின் மூலையில் நீங்கள் இதுவரை பார்க்காத எறும்பைக் காட்டுவாள்.

இங்கிலாந்தில் ஜெஸிகா ஹார்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வேறு வேறு கதைகள். இரண்டிலும் அதே புதிய சொற்கள், அதே எண்ணிக்கையில் வந்தன. சொற்களை நன்றாக நினைவில் வைத்தது ஒரே கதையைக் கேட்ட பிரிவுதான்.

ஆகவே கரடியை ஒளிக்காதீர்கள். தப்பிக்க ஒரே வழி, ‘முதல்ல ஒண்ணு அப்பா எடுப்பேன், அடுத்தது நீ’ என்று பேரம் பேசுவது. மூன்றில் ஒரு நாள் நடக்கும். இன்னொன்று, தெரிந்த வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். அவள் சொல்வாள். கொஞ்ச நாளில் பாதிப் புத்தகம் அவள் பொறுப்பில் போய்விடும், உங்கள் தொண்டைக்கும் நல்லது.

கதைப் புத்தகங்களில் ‘முயல் விரைந்து ஓடியது, நரி திகைத்து நின்றது’ என்று இருக்கிறது. வீட்டில் நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. அப்படியே படிப்பதா, பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்வதா? அச்சில் உள்ளதை மாற்றினால் தப்பாகக் கற்றுக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.
– மூன்றரை வயதுப் பையனின் அம்மா

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வேறு பல மொழிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு கிடையாது. நம் வீட்டில் ‘ஓடுச்சு’, புத்தகத்தில் ‘ஓடியது’. நம் வாயில் ‘அவங்க வந்தாங்க’, புத்தகத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’. பள்ளிக்கூடம் போகிற குழந்தை எழுத்தை மட்டும் புதிதாகக் கற்பதில்லை. கிட்டத்தட்ட இன்னொரு மொழியையும் சேர்த்துக் கற்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு வயது வரை அச்சில் என்ன இருந்தாலும் கவலைப்படாமல் வீட்டுப் பேச்சில் சொன்னேன். அப்புறம் மெல்ல மெல்லக் கதை சொல்கிற வரிகளை அச்சில் உள்ளபடியும், மிருகங்கள் பேசுகிற வரிகளை நம் பேச்சிலும் படித்தேன். ‘நரி திகைத்து நின்றது’ என்று படித்துவிட்டு, நரியின் வாயில், ‘அய்யய்யோ, இது என்னடா வம்பு!’ என்று வைத்தேன். ‘திகைத்து’ என்றால் என்ன என்று நிறுத்தி விளக்கவில்லை. வாயைப் பிளந்து, கண்ணை உருட்டிக் காட்டினேன். அது போதுமானதாக இருந்தது. எப்படித் தெரியும் என்றால், நாலு வயதில் ஒருநாள் மகள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டபடி, ‘அப்பா, பூனை மறைந்துவிட்டது!’ என்று கத்தினாள். வீட்டில் யாரும் பூனையைப் பற்றி அப்படிப் பேசியதே இல்லை. அரை நிமிடம் கழித்து, ‘அய்யோ, பரண்டிருச்சு’ என்று அழுதாள். எந்த இடத்தில் எந்தத் தமிழ் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலேயே தெரிந்திருந்தது.

அரபியும் நம்மைப் போலத்தான், பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. அரபி பேசும் பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்து அரபியிலேயே கதைகளைத் தொடர்ந்து படித்துக் காட்டிய ஓர் ஆய்வு 1993-இல் வெளியானது. அப்படிக் கேட்டு வந்த குழந்தைகள், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படத்தைப் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதனால் அச்சுத் தமிழைப் படிக்கக் கூச்சப்படாதீர்கள். மாற்றிச் சொல்லவும் பயப்படாதீர்கள். ‘தப்பாகக் கற்றுக்கொள்வானோ’ என்ற பயம்தான் பல வீடுகளில் புத்தகத்தை அலமாரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

சொல்வளத்தைப் பற்றியும் ஒன்று. 2015-இல் அமெரிக்காவில் 100 படக்கதைப் புத்தகங்களின் சொற்களை, பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசுகிற பேச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே அளவு பேச்சில் இருந்ததைவிடப் புத்தகங்களில்தான் வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தன. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. வீட்டில் நாம் குழந்தையிடம் பேசுவதில் பாதி, ‘வா, போ, உட்காரு, அதைத் தொடாதே.’ திகைப்பதற்கும் விரைவதற்கும் அங்கே எங்கே இடம்?

அப்புறம், ழகரம். உங்களுக்கே சரியாக வராது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வராவிட்டால் போகிறது. கதைக்கு நடுவில் அவன் நாக்கை மட்டும் திருத்தாதீர்கள்.

நான்கு வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகங்களையே பாடமாகவும் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகளைக் கேட்பேன், நிறம் கேட்பேன், எத்தனை பறவை என்று எண்ணச் சொல்வேன். முதலில் சொன்னாள். இப்போது புத்தகம் என்றாலே ‘வேணாம்’ என்கிறாள். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– அக்கறையுள்ள அப்பா

வழிக்கு வர வேண்டியது நீங்கள்தான் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒரு சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ படத்தை நிறுத்தி, ‘இந்த ஆள் சட்டை என்ன நிறம்?’ என்று கேட்டால் எத்தனை நேரம் உட்காருவீர்கள்? அதுவும் பதில் தெரிந்துகொண்டே கேட்டால்?

கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். ‘இந்த ஆமை ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு?’ இதற்கு அவள் என்ன சொன்னாலும் சரி. சொல்வதைத் தட்டாமல் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ‘கோவம்’ என்றாளா? ‘ஆமா, யார் மேலயோ பயங்கரக் கோவம்.’ அவ்வளவுதான் வித்தை.

ஒரு மாதத்துக்கு எழுத்தும் எண்ணும் கிடையாது என்று உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ளுங்கள். நம் எழுத்துகள் 247. எங்கேயும் ஓடிவிடாது.

வேலை முடிந்து வர இரவு ஒன்பதரை ஆகிறது. மகள் தூங்கிவிடுகிறாள். ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கிறது. அன்றைக்கும் எனக்கு ஏற்ற இறக்கத்தோடு படிக்க வராது. பள்ளியில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே திக்குவேன். மனைவி நன்றாகப் படிக்கிறாள், அவளே படிக்கட்டும் என்று விட்டுவிடலாமா?
– ஞாயிற்றுக்கிழமை அப்பா

விடாதீர்கள். உங்கள் மகள் உங்களுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. மைக்கும் கூட்டமும் இல்லாத இடத்தில், திக்கினால் திக்கிய இடத்திலிருந்து படியுங்கள், அவளுக்கு அது அப்பா படிக்கிற விதம். நடிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் நினைப்பதைவிடப் பாதி வேகத்தில் படித்தால் போதும். முதல் நாளே ஒருமுறை புத்தகத்தைத் தனியாகப் புரட்டிப் பார்த்துவிடுங்கள், பதற்றம் பாதி போய்விடும்.

இரவுதான் கதை நேரம் என்று யார் சொன்னது? காலையில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் உங்களுடையதாக இருக்கட்டும். ராத்திரிக் கதையின் லட்சணத்தை நான் அனுபவித்திருக்கிறேன். ஒருநாள் படித்துக்கொண்டே தூங்கிப்போய், ‘நரி மெதுவாகக் கிணற்றை எட்டிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது’ என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் நினைப்பு. அடுத்த இரண்டு வாரம் அந்தப் பதிவேட்டு நரியைத்தான் கேட்டாள். எதில் கையெழுத்து, எதற்குக் கையெழுத்து, நரிக்கு எழுதத் தெரியுமா என்று ஒரு பெரிய கதையே வளர்ந்தது. அச்சில் இருந்த நரி பாவம், கிணற்றடியிலேயே நின்றுவிட்டது.

செல்போனிலேயே கதை சொல்கிற செயலிகள் வந்துவிட்டன. அருமையான குரலில், படங்கள் அசைய அசையச் சொல்கிறது. நான் படிப்பதைவிட அது நன்றாகவே இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போதாதா?
– இரட்டைக் குழந்தைகளின் அம்மா

இரட்டைக் குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் முதலில் ஒரு கும்பிடு. நீங்கள் மூச்சு விடுவதற்காக எப்போதாவது போட்டுக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

ஆனால் அது வேறு, இது வேறு. பாட்ரீஷியா குல் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 தடவை உட்கார்ந்து, புத்தகம் படித்து, பொம்மை வைத்து விளையாடினார்கள். சீன மொழிக்கே உரிய ஒலிகளை அந்தக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை வீடியோவில் காட்டிய குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2019-இல் இன்னொரு ஆய்வில், 37 பெற்றோர் தங்கள் குட்டிகளோடு அச்சுப் புத்தகத்தையும் டேப்லெட் புத்தகத்தையும் படித்தார்கள். டேப்லெட்டில் கதையைப் பற்றிய பேச்சு குறைந்தது, சாதனத்தைப் பற்றிய பேச்சு கூடியது. ‘அதை அமுக்காதே, கையை எடு’ என்பதுதான் மிச்சம்.

வேறு ஊரில் இருக்கிற தாத்தா வீடியோ அழைப்பில் புத்தகத்தைக் காட்டிக் கதை சொன்னால் அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். குழந்தை ‘ஏன்’ என்று கேட்டால் தாத்தா நிறுத்திப் பதில் சொல்வார். செயலி சொல்லாது.

மகனுக்கு ஏழு வயது. தானே நன்றாகப் படிக்கிறான். இனி நான் நிறுத்தலாமா?
– ஓர் அம்மா

அவன் நிறுத்தச் சொல்லும்வரை வேண்டாம். அவனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிற கதையைவிடக் காதால் பின்தொடர முடிகிற கதை ரொம்பப் பெரியது. அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற கதைகளை இப்போதுதான் ஆரம்பிக்க முடியும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று போங்கள். முக்கியமான கட்டத்தில் ‘நேரமாச்சு’ என்று மூடிவிட்டு எழுந்து போங்கள். மிச்சத்தைப் போர்வைக்குள் தானே படித்துவிடுவான்.

ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தின்றுவிடுகிற பக்கம் வந்தால் மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கதையை மாற்றிச் சொல்லலாமா?
– நான்கு வயதுக்காரியின் அப்பா

கண்ணை மூடிக்கொள்கிறாளா, புத்தகத்தை மூடுகிறாளா? கண்ணை மட்டும் மூடினால் காது திறந்துதான் இருக்கிறது, பயமும் வேண்டும், நீங்கள் பக்கத்திலும் வேண்டும் என்று அர்த்தம். குரலைத் தணித்துப் படியுங்கள். புத்தகத்தை மூடினால், அல்லது ராத்திரி எழுந்து அழுதால், ஆறு மாதத்துக்கு அந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள்.

ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து எழுதுகிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று வயதுப் பேத்தி நாள் முழுக்க என்னிடம்தான். புத்தகத்தை எடுத்துவந்து மடியில் போட்டு, ‘படி பாட்டி’ என்கிறாள். ‘கண்ணு தெரியலடி’ என்று ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். படித்துக் காட்டுங்கள் என்று நீங்கள் எழுதியதை மருமகள் சொன்னாள். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– ஒரு பாட்டி

அக்கா, நான் அந்த நாலு வரி எழுதும்போது உங்களை நினைக்கவில்லை. தப்புதான்.

முதலில் இதைக் கேளுங்கள். நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் புத்தகம் படிக்கும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வந்த ஆய்வு அது. எழுத்துப் பக்கம் பார்வை போவதே அபூர்வம். கண் முழுக்கப் படத்தின் மேலேதான். உங்கள் பேத்தி பார்க்கிற இடத்தைத்தான் நீங்களும் பார்க்கப் போகிறீர்கள். எழுத்து தெரிந்தவர்கள்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988-இல் செய்தது இன்னொன்று. இரண்டு பிரிவுப் பெற்றோரும் தங்கள் குழந்தைகளுக்கு ஒரே அளவுதான் படித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், படிக்கும்போது குழந்தையைப் பேசவிடுங்கள், கேள்வி கேளுங்கள், அது சொல்வதை நீட்டிச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். படித்தது கூடவில்லை அக்கா, பேசியதுதான் கூடியது. பேச உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

அதனால் கண் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். மடியில் உட்காரவைத்து, அட்டையிலிருந்து ஆரம்பித்து, பக்கத்துக்குப் பக்கம் படத்தைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுகிற கதையைச் சொல்லுங்கள். நேற்றுச் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் ஒன்றாக இல்லாவிட்டால் அவளே திருத்துவாள். ‘இங்க என்ன எழுதியிருக்கு பாட்டி?’ என்று கேட்டால், ‘எனக்குப் படிக்கத் தெரியாதுடி கண்ணு, நீ கத்துக்கிட்டு வந்து சொல்லு’ என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

என் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. யாரோ கொடுத்த ஒரு பழைய படக்கதைப் புத்தகம் வீட்டில் இருந்தது, முதுகு கிழிந்து, ஊசி நூலால் தைத்தது. காட்டில் வழி தவறிய ஒரு குட்டிக் குரங்கின் கதை. அம்மா விரலை எழுத்துக்கு மேலே ஓட்டிக்கொண்டே சொல்வாள். கடைசிப் பக்கத்தில் குட்டி மரத்தின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும். ‘கீழ அவங்கம்மா நின்னுக்கிட்டிருக்கா, எறங்கி வாடா எறங்கி வாடான்னு கூப்பிடுறா’ என்று முடிப்பாள். அம்மா படத்தில் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். ‘மரம் மறைக்குதுடா’ என்றாள்.

எனக்கு எழுத்துக் கூட்ட வந்தபோது முதலில் படித்தது அந்தப் புத்தகத்தைத்தான். கடைசிப் பக்கத்தில் குரங்குக்கு அம்மாவே இல்லை. அது தைரியமாகத் தனியாக வாழக் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. எனக்கு வந்த கோபம் அம்மா மேல் அல்ல, புத்தகத்தின் மேல். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பென்சிலை எடுத்து, மரத்துக்குக் கீழே, கொஞ்சம் மறைந்தாற்போல, ஒரு பெரிய குரங்கை வரைந்து வைத்தேன்.